செவலைக்கு ஒரு வாய் பொங்கல்

செவலை குட்டி போட்டு மூன்று வாரம் ஆகிறது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பேன், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மேஜைமேல் இருக்கும் போனைப் பார்ப்பேன். முதல் வரிசைப் பெண் ஒருத்தி, "மிஸ், ஊட்டுல யாருக்குனா ஜொரமா?" என்று கேட்டாள். "இல்லமா, குதிர" என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

செவலை ஒரு பந்தயக் குதிரை. பெண் குதிரை. என் ஒரே மகள் கால்நடை மருத்துவம் படித்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சேர்ந்த அதே மாதம் இரண்டு வயசுக் குட்டியாக அங்கே வந்து இறங்கியது செவலை. பந்தயப் புத்தகத்தில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. முதல் போட்டோவைப் பார்த்தவுடனே என் வீட்டுக்காரர், "செவலையா இருக்குது" என்றார். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

'அது' என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்வோம். என் மகள் வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் தறியில் இருந்தபடியே கேட்பார்: "அது சாப்டுச்சா?"

மகள் குதிரை லாயத்துக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் ஒரு வாரம் சண்டை. அவள் அப்பா பட்டு நெசவு. நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் குதிரை என்றால் சாமி வாகனம், இல்லாவிட்டால் கல்யாண ஊர்வலம். அதைத் தாண்டி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

"ரேஸுக்குப் போனவன் ஊட்டுல ஒல வெச்சதா சரித்திரமே இல்ல" என்றார் அவர்.

"நைனா, நான் ரேஸ் கட்டப் போறதில்ல. ஓடுறதுக்கு வைத்தியம் பாக்கப் போறேன்."

"மாட்டப் பாரேன். மாடு நின்ன எடத்துல நிக்கும்."

என் பயம் வேறு. உதை. இத்தனை பெரிய உடம்பு ஒன்று இத்தனை சின்ன உடம்பை உதைத்தால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து, அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு தினமும் காலையில் போன் செய்தேன். "உயிரோட இருக்கியா?" என்று கேட்க முடியாது அல்லவா. "டிபன் சாப்டியா?" என்று கேட்பேன். அவளுக்குப் புரியும். "ஒதைக்கலமா, சாப்டேன்" என்பாள்.

மூன்று மாதம் கழித்துத்தான் நேரில் போய்ப் பார்த்தேன். வரிசையாக அறைகள், ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு தலை. மகள் ஒரு தலைக்கு முன்னால் என்னை நிறுத்தினாள். நெற்றியில் விபூதி இட்டதுபோல் ஒரு வெள்ளைக் கீற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பின்னங்கழுத்தில் சூடாக மூச்சு. கண்ணைத் திறந்தபோது என் தலையில் இருந்த மல்லிப்பூ ஒரு முழமும் அதன் வாயில் இருந்தது. நார் மட்டும் வெளியே தொங்கியது. மகள் பதறிக்கொண்டு நாரை இழுத்தாள். குதிரைக்காரர், செவலையைக் குளிப்பாட்டித் தீனி போடுகிற வயசான மனிதர், சிரித்தார்.

"இன்னாமா, மொத தடவ வரீங்க, வெறுங்கையா வருவீங்களான்னு அதுவே எடுத்துக்கிச்சி."

அந்தச் சிரிப்பிலேயே என் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும்.

செவலையின் முதல் பந்தயம் எங்களுக்கு ஒரு கேலிக்கூத்து. தூறல் நாள். ஓடும் பாதைக்கு ஓரத்தில் ஜனங்கள் குடை பிடித்திருந்தார்கள். செவலை ஓடாமல் குடைகளைப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசிக்கு முந்தினதாக வந்தது. இரண்டாவது பந்தயத்தில் நான்காவது. மூன்றாவதில் ஜெயித்தது. அன்று என் வீட்டுக்காரர் போனைத் தறிமேல் சாய்த்து வைத்துப் பார்த்தார். பந்தயம் ஒன்றரை நிமிஷம்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தறி ஓடவில்லை. என்ன என்று போய்ப் பார்த்தால் பந்தயக்காரர்கள் 'சில்க்' என்று சொல்கிற ஜாக்கி சட்டையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மாம்பழக் கலரு, அரக்குக் கை. நல்ல ஜோடிதான். ஆனா இதப் போயி சில்க்குன்னு சொல்றானுங்களே, பாரு, நைலான்."

அப்புறம் ஊட்டியில் கோடைப் பந்தயம். அங்கே ஒரு வெற்றி. திரும்பி வந்து சென்னையில் இன்னொன்று. அந்த இரண்டிலும் ஒரே கருப்புக் குதிரை இரண்டாவதாக வந்தது. இதற்குள் மகள் உதவிப் பயிற்சியாளர் உரிமம் வாங்கியிருந்தாள். குதிரையின் உடம்புக்கும் வயிற்றில் போகிற ஒவ்வொரு கவளத்துக்கும் அவளும் கையெழுத்துப் போட்டவள். அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெண் குதிரைகளுக்கென்று பெரிய பந்தயம் ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட ஒரே ஒரு வயசில்தான் ஓடலாம். அந்த வருஷம் விட்டால் விட்டதுதான். எங்கள் ஊரில் பிளஸ் டூ பரீட்சையை எப்படிப் பேசுவோமோ அப்படி அதை லாயத்தில் பேசினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. செவலைக்குத் தாய் வழியில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. சாதாரணப் பந்தயங்கள் எத்தனை ஜெயித்தாலும் ஓட்டம் முடிந்த பிறகு அதை யார் வைத்துக்கொள்வார்கள்? பெரிய பந்தயம் ஒன்று ஜெயித்துவிட்டால் போதும், நல்ல பண்ணைகள் குட்டிக்காக வாங்கிக்கொள்ளும், கடைசிவரை புல்லும் நிழலும் உண்டு. "அதுக்கு பென்ஷன் மாதிரிம்மா" என்றாள் மகள். அரசு ஊழியருக்கு வேறு எப்படிச் சொன்னால் புரியும்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். யாராவது முக்கியமான காரியத்துக்குக் கிளம்பினால் விடியற்காலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, சாமிக்குக் காட்டி, வாசல்படியில் நிற்கவைத்து ஒரு வாய் ஊட்டி அனுப்புவோம். கையால்தான் ஊட்ட வேண்டும். கரண்டி ஆகாது. மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சைக்கு, கவுன்சிலிங்குக்கு, உரிமத்துக்கான நேர்காணலுக்கு, எல்லாவற்றுக்கும் ஊட்டியிருக்கிறேன். எல்லாம் நடந்தது.

பெரிய பந்தயத்தன்று முதல் பஸ்ஸில் தூக்கு டப்பாவோடு கிளம்பிப் போனேன். மகள் லாயத்துக்கு வெளியே யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். குதிரைக்காரர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். செவலை என் தூக்கைப் பார்த்துக் காதை முன்னால் தள்ளியது. அந்த நிமிஷத்தில் அது குதிரை என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பரீட்சைக்குப் போகிறது, அவ்வளவுதான். ஒரு உருண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். உதட்டால் துடைத்து எடுத்துக்கொண்டது. இன்னொன்று கொடுத்தேன்.

மகள் வந்ததும் பெருமையாகச் சொன்னேன். "உனக்கு முன்னாடி அதுக்கு ஊட்டிட்டேன்."

"என்னா ஊட்டின?"

"பொங்கல்தான்."

அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். "அதுல என்னா போட்டமா? ஒண்ணொண்ணாச் சொல்லு."

"அரிசி, பருப்பு, வெல்லம், நெய். முந்திரி, ஏலக்காய். பச்சக் கற்பூரம் ஒரு சிட்டிக."

"கற்பூரமா?"

"அது இல்லன்னா பொங்கல் எப்பிடிடி மணக்கும்?"

அவள் கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கற்பூரம் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னாள். தைலத்தில் இருந்தால்கூடப் பந்தயத்துக்கு முன்னால் தடவக் கூடாதாம். ரத்தத்தில், சிறுநீரில் சோதனை செய்வார்கள். கண்டுபிடித்தால் குதிரைக்குத் தடை, பயிற்சியாளருக்கும் அவளுக்கும் உரிமம் போகும்.

அப்போது நான் சொன்ன ஒரு வார்த்தை. அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "ஒரு துளிதானடி. தெரியவா போவுது? யாரும் பாக்கல" என்றேன். பரீட்சை அறையில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்த பிள்ளைகளை இருபத்தைந்து வருஷமாகப் பிடித்து நிற்கவைத்தவள் நான்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "ஜெயிச்சா மொத டெஸ்ட்டே அதுக்குத்தான். இப்ப நான் இன்னா பண்ணணும்மா, அது தோக்கணும்னு சாமி கும்பிடணுமா?"

அவள் எழுந்து பயிற்சியாளரிடம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் கோபக்காரர் என்று பெயர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். அப்புறம், "டீச்சர், எனக்காவது ஒரு வாய் மிச்சம் இருக்குதா?" என்றார். தூக்கைக் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, குதிரையை வாபஸ் வாங்குவதற்கான தாளில் கையெழுத்துப் போடப் போனார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை பந்தயம் செவலை இல்லாமல் நடந்தது. நான் லாயத்தில் அதன் அறைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. மற்ற குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனபோதே செவலைக்குத் தெரிந்துவிட்டது. அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கூட்டத்தின் இரைச்சல் எழும்பியபோது நின்று, கழுத்தை நீட்டி, உடம்பெல்லாம் விறைத்து, கதவைப் பார்த்தது. யாராவது வந்து திறப்பார்கள் என்று. ஜெயித்தது அந்தக் கருப்புக் குதிரை.

மகள் பதினெட்டு நாள் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுத்தாள். "சாப்டேன்" என்றாள். முன்பு சொல்வதுபோல "ஒதைக்கல" என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் என்னைத் தேற்றப் பார்த்தார். "குதிரைக்கி ஊட்டினியே, இத்தினி வருசத்துல எனக்கு ஒரு வாய் ஊட்டினியா?" என்றார். சிரிக்க வைக்கத்தான். நான் அழுதேன். அவர் எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார்.

செவலை அதன் பிறகு இரண்டு சின்னப் பந்தயங்கள் ஜெயித்தது. ஒருநாள் காலைப் பயிற்சி முடிந்து திரும்பும்போது மகள் அதன் முன்னங்காலைத் தடவிப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு ஓடுகிற இடத்தில் சூடு. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தசைநாரில் கிழிசல். ஓட்டம் முடிந்தது. ஐந்து வயசு.

நான் பயந்திருந்த கேள்வி அப்போது வந்தது. இனி இதை யார் வைத்துக்கொள்வார்கள்? குதிரையின் சொந்தக்காரர் வெளியூர்ப் பணக்காரர். அவருக்கு ஓடாத குதிரை வேண்டாம். பெரிய பண்ணைகள் தாயின் பெயரைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தன. அந்த வாரம் எங்கள் தெரு வழியாக ஒரு கல்யாண ஊர்வலம் போனது. சாரட்டு வண்டியில் பூட்டியிருந்த குதிரையைப் பார்த்தேன். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பட்டாசு வெடிக்கிறபோதெல்லாம் கண் வெள்ளையாகப் புரண்டது. தொடையில் எண் சூடு போட்ட பழைய தழும்பு. அதுவும் ஒரு காலத்தில் ஓடின குதிரைதான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பென்ஷனைக் கெடுத்தவள் நான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், தாமல் ஏரிக்கு அப்பால் ஒருவர் சின்னதாகக் குதிரைப் பண்ணை வைத்திருந்தார். ஏழெட்டுத் தாய்க் குதிரைகள். அவருக்கு அங்கேயே தங்குகிற டாக்டர் கிடைக்கவில்லை. மகள் போய்ப் பேசினாள். "நான் வரேன் சார். ஆனா இதுவும் கூட வரும்" என்றாளாம். சென்னை வேலையை விட்டாள். பயிற்சியாளர் ஆக வேண்டும் என்ற ஆசையையும் விட்டாள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்துக்கு வந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை வெளியே காட்ட வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணைக்குப் போவேன். எதையும் தொட மாட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். செவலை வந்து என் தோளில் தாடையை வைத்துக்கொள்ளும். அப்போதும் கையைப் பிரிக்க மாட்டேன். அங்கே வேலை செய்கிற அம்மாள் ஒருத்தி, "இன்னா டீச்சர், இன்ஸ்பெக்ஷனா?" என்று கேலி செய்வாள். மகள் அதற்குச் சிரிக்க மாட்டாள்.

செவலை சினை நின்ற கதை லேசில் முடியவில்லை. பந்தயக் குதிரைகளை மாடுகள்போல ஊசி போட்டுச் சினைப்படுத்தக் கூடாது என்று விதி. ஆண் குதிரை இருக்கும் பண்ணைக்கு லாரியில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் வருஷம் போய் வந்தது, நிற்கவில்லை. இரண்டாம் வருஷம் நின்றது. ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. அன்று மகள் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மூன்றாம் வருஷம் லாரி கிளம்பும்போது பண்ணைக்காரர் என் எதிரிலேயே சொன்னார்: "டாக்டரம்மா, நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஆனா இந்தத் தடவையும் இல்லன்னா என்னால வெச்சிக்க முடியாது. சாரட்டுக்காரன் ரெண்டு பேர் கேட்டுக்கினு இருக்கான்."

நின்றது. பதினொரு மாதம் சுமக்க வேண்டும். ஐந்தாம் மாதம் தாண்டுகிறவரை வீட்டில் யாரும் அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. தாண்டியபிறகு வீட்டுக்காரர் தினமும் கேட்பார், "வயிறு தெரியுதா?" மகள் போட்டோ அனுப்புவாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ம், எறங்கிக்கினு வருது" என்பார், ஏதோ பத்துப் பிரசவம் பார்த்தவர்போல.

மாசி மாதம். நாள் நெருங்கிவிட்டது. குதிரைகள் பெரும்பாலும் ஆள் இல்லாத ராத்திரியில்தான் குட்டி போடும் என்பதால் மகள் நான்கு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை காலையில் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வேலையாட்கள் மற்ற குதிரைகளை மேய்ச்சலுக்கு விடப் போயிருந்தார்கள். மணி பத்து. நான் செவலையின் அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அதன் கழுத்து வேர்த்தது. படுத்தது, எழுந்தது. திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. மறுபடி படுத்தது.

நான் கூப்பிடவில்லை.

எழுப்பலாமா என்று நினைத்தேன். நாலு நாளாகத் தூங்காத பிள்ளை. ஒன்றுமில்லாததற்கு எழுப்பினால்? எனக்கு என்ன தெரியும் குதிரையைப்பற்றி? எனக்குத் தெரியும் என்று நினைத்துச் செய்த காரியம்தானே இத்தனைக்கும் காரணம். அப்படியே முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று இப்போதும் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கலாம். பத்தாகவும் இருக்கலாம்.

சுவரில் மகள் கையால் எழுதி ஒட்டியிருந்த தாள் ஒன்று உண்டு, வேலையாட்களுக்காக. வெள்ளையாகப் பை தெரிந்தால் நல்லது, காத்திரு. சிவப்பாகத் தெரிந்தால் கத்து. அவ்வளவுதான் அதில். செவலை முக்கியது. வாலுக்குக் கீழே தெரிந்தது வெள்ளை இல்லை. வெல்வெட்டுத் துணிபோல, இருண்ட சிவப்பு.

கத்தினேன். என்ன வார்த்தை என்று தெரியாது. மகள் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஒரு பார்வை. "கத்திரி!" என்றாள். ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். நஞ்சுக்கொடி முன்னாலேயே கழன்றுவிட்டது, குட்டிக்குத் தாயிடமிருந்து காற்று போவது நின்றுவிட்டது என்று பிறகுதான் விளக்கினாள். அப்போது அந்தச் சிவப்புப் பையைக் கத்திரியால் கிழித்தாள், தண்ணீர் கொட்டியது, உள்ளே கையை விட்டு இரண்டு முன்னங்கால்களைப் பிடித்தாள். "தலையப் புடிமா, தலையப் புடி!" என்று கத்தினாள். யார் தலையை என்று கேட்காமல் நான் செவலையின் தலையை மடியில் போட்டுக்கொண்டேன். அது என் புடவையைக் கடித்துக்கொண்டது. செவலை முக்கும்போதெல்லாம் மகள் இழுத்தாள். இரண்டு முறை வழுக்கி விழுந்தாள். மூன்றாம் முறை குட்டி வந்து வைக்கோலில் விழுந்தது.

அசையவில்லை.

மகள் துண்டை எடுத்துத் தேய்த்தாள். மூக்கில் இருந்ததை வழித்தாள். ஒரு வைக்கோலை எடுத்து நாசிக்குள் விட்டுச் சீண்டினாள். "வா, வா, வந்துரு, வாடா" என்றாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு தும்மல் வந்தது. அத்தனை சின்னத் தும்மல். அப்புறம் விலா ஏறி இறங்கியது.

குட்டி எழுந்து நிற்க இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆனது. நின்றும் மடி தெரியாமல் சுவரைச் சப்பியது. காற்றில்லாமல் இருந்ததால் மூளை மந்தமாக இருக்கலாம், இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றாள் மகள். செவலையிடம் சீம்பால் கறந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மணிக்கொரு தரம் கொடுத்தாள். நான் பால் பாத்திரத்தைக் கழுவிக் கழுவிக் கொடுத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவில்லை. அன்று மதியம் குட்டி தானாக மடியைத் தேடிக்கொண்டு போய் முட்டியது. உறிஞ்சுகிற சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. செவலை பின்னங்காலை அகட்டிக் கொடுத்துக்கொண்டு, புல்லை மென்றபடி நின்றது, இதெல்லாம் பெரிய விஷயமா என்பதுபோல.

பண்ணைக்காரர் வந்து பார்த்தார். ஆண் குட்டி. தாயைப்போலவே செம்பட்டை, நாலு காலிலும் வெள்ளை. "சாரட்டுக்காரனுக்கு வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றார். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். அவர் அத்தோடு விடவில்லை. "பத்து நாள்ல மறுபடி பருவத்துக்கு வருமில்ல? லாரி சொல்லிடட்டுமா?"

நான் ஆசைப்பட்ட பென்ஷன் இதுதான். பெற்று எழுவதற்குள் மறுபடியும் லாரி. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மகள், "இந்த வருஷம் ரெஸ்ட் சார். நஞ்சு முன்னாடி கழண்ட கேசு. எழுதியே குடுக்கறேன்" என்றாள். அவர் செவலையைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். "சரி, டாக்டர் பேச்சு" என்று போய்விட்டார். அடுத்த வருஷத்தைப்பற்றி அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவளிடம் சொல்லிவிட்டேன். "நான் முன்னாடியே பாத்தேன். வேத்துச்சி, படுத்து படுத்து எழுந்துச்சி. உன்ன எழுப்பாம பாத்துக்கினு உக்காந்து இருந்தேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"கேமரா இருக்குதுல்ல உள்ள. அன்னிக்கி ராத்திரியே போட்டுப் பாத்தேன்."

எவ்வளவு நேரம் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"அன்னிக்கி ஏதோ ஊட்டிட்டேன்னு, சனிக்கெழம வாயவே தொறக்காம உக்காந்தியா?" என்றாள். "நான் பேசாம இருந்ததுதான்மா அப்பிடிப் பண்ணிடுச்சி உன்ன." என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். எதையோ தட்டினாள். திருப்பிக் கொடுத்தபோது திரையில் செவலையின் அறை தெரிந்தது, வைக்கோல், அது, குட்டி. "இந்தா. நீயும் பாத்துக்கினு இரு. எதுனா தோணிச்சின்னா உடனே கூப்புடு. ஒண்ணும் இல்லாததுக்கும் கூப்புடு."

கூப்பிடுகிறேன். இந்த மூன்று வாரத்தில் எத்தனை முறை என்று கணக்கு இல்லை. செவலை தண்ணீர் குடிக்காமல் முகர்ந்துவிட்டுப் போனது, கூப்பிட்டேன். குட்டி தன் தாயின் வாலைத் தின்றது, கூப்பிட்டேன். நேற்று ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டே போனைப் பார்த்தேன். குட்டி பக்கவாட்டில் விழுந்து, நாலு காலையும் நீட்டி, கழுத்தை வைக்கோலில் போட்டுக் கிடந்தது. உடனே கூப்பிட்டேன். பக்கத்து மேஜை கணக்கு டீச்சர் எழுந்தே நின்றுவிட்டாள், என் முகத்தைப் பார்த்து.

"செத்தா மாதிரி கெடக்குதுடி!"

எங்கோ வாளி நகரும் சத்தம், அப்புறம் மகளின் மூச்சு, அப்புறம் அவள் குரல்.

"தூங்குதும்மா."

"காலு நீட்டிக்கினு?"

"வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தூங்குது. கிட்டதான் நிக்கறேன், மூச்சு வருது."

"தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். குட்டி எரிச்சலோடு காலை உதறுவது என் போனில் தெரிந்தது.

"ஒதைச்சிதா?" என்றேன்.

"ஒதைச்சிதும்மா" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.